கறிக்கடை அக்காவின் ரத்தம்

பாடாங் செராய் பாசாரில், அதாவது சந்தையில், ஐஸ் பெட்டி ஓடாத இறைச்சிக்கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அக்காவின் ஆட்டுக்கறிக் கடை. உறைந்த இறைச்சியை இறக்குமதி செய்கிற ஒரு வியாபாரி, எப்படியாவது அக்காவை வளைத்துப் போட்டுவிடலாம் என்று பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை இலவசமாகவே கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டுப் போனார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்ட் கொடுக்காமல் அதற்குள் பழைய பேப்பரையும் பிளாஸ்டிக் பைகளையும் போட்டு வைத்தார். மறுவாரம் வந்து திறந்து பார்த்த வியாபாரியிடம், "நல்ல பெட்டி லா தம்பி, எலி வர்றதே இல்ல" என்றார்.

ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்ப்பது அரசாங்க மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் ஆய்வக வேலை. ரத்தம் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே முதல் பாடம். அதனால் இங்கேயும் அவர் அக்காவாகவே இருக்கட்டும்.

"ஐஸுக்குப் போனது செத்தது." இதுதான் அக்காவின் வேதம். சிடாம் கிரியில் ஒரு கொட்டகையில் ஆட்டை அவரே தடவிப் பார்த்து வாங்குவார். விடியற்காலை வெட்டு, மத்தியானத்துக்குள் கடை காலி. மிஞ்சினால் மறுநாள் விற்க மாட்டார், அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். கறி வாங்க வருகிறவர்களுக்கு இந்த வேதத்தை ஓதாமல் பொட்டலம் கைக்கு வராது. "ஐஸ் கறியப் பாரு, ரத்தம் தண்ணியா வடியும். உசுரு போன சாமான். அத வீட்டுக்குக் கொண்டு போய் புள்ளைங்களுக்குக் குடுப்பியா?" கேட்டுக்கொண்டிருப்பவர் ஐஸ் கறியே வாங்காதவராக இருந்தாலும் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்து நிற்க வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டார் பாதி பச்சைக் கறியும் பாதி ஐஸ் கறியும் கலந்து கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள். "எனக்குத் தெரியுமே" என்று அக்கா அனுப்பிவிட்டார். அவர்கள் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள். அக்கா கல்யாணத்துக்கும் போனார். பந்தியில் உட்கார்ந்து சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டார். கறி ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று விசாரித்த ஒவ்வொருவருக்கும் காரணத்தைச் சொன்னார், மெதுவாக அல்ல. அந்த வரிசையில் பல இலைகளில் கறி அப்படியே கிடந்ததாம். அந்தக் குடும்பம் அக்காவோடு மறுபடி பேச அடுத்த தீபாவளி வர வேண்டியிருந்தது. தீபாவளிக்குக் கறி வேண்டுமே.

இன்னொரு குணமும் உண்டு. சொன்ன சொல்லை அக்கா திருப்பி வாங்கியதே கிடையாது. ஒருமுறை யாரையோ "நீ உருப்பட மாட்டே" என்று சொல்லிவிட்டார். அவன் படித்து, பினாங்கில் நல்ல வேலையில் சேர்ந்து, சொந்தக் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் நாள் இருக்கு" என்றார்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு ரத்த தான முகாமில். பாடாங் செராயில் கோயில் மண்டபத்தில் நாங்கள் கட்டில்களைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கடையை அடைத்த கையோடு, ரத்தக்கறை படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அக்கா வந்தார். அதைப் பார்த்த இரண்டு பையன்கள் வரிசையை விட்டே போய்விட்டார்கள்.

"மிஸ்ஸி, பச்ச ரத்தம் கொண்டாந்திருக்கேன். எடுத்துக்க."

"நான் நர்சு இல்லக்கா. லேப்ல வேல செய்றேன்."

"வெள்ளச் சட்ட போட்டா மிஸ்ஸிதான்" என்று கையை நீட்டினார்.

முகாமில் விரலில் குத்திப் பார்த்தபோது ஓ வகை என்று காட்டியது. ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஓ ரத்தத்தோடும் அது ஒத்துப் போகவில்லை. பம்பாய் வகை என்று நாங்கள் படித்திருந்தோம், நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். மேலோட்டமாகப் பார்த்தால் ஓ மாதிரியே இருக்கும். ஆனால் ஓ ரத்தத்தில்கூட இருக்கிற ஓர் அடிப்படைப் பொருள் இதில் இருக்காது. இந்த வகைக்காரருக்கு ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதை எதிரியாக நினைத்து அடித்து நொறுக்கிவிடும். இவர்களுக்கு இவர்கள் ரத்தம்தான் சேரும். அதைக் கொடுக்கக் கூடியவர்களோ அபூர்வம்.

விஷயத்தைச் சொல்ல நானே கடைக்குப் போனேன். பயந்துவிடுவாரோ என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"பம்பாயா? நான் பினாங்கத் தாண்டி எங்கியும் போனதில்லையே."

"அது பேரு மட்டுந்தாங்க்கா. ரொம்ப அபூர்வமான ரத்தம்."

"நான் வேற ரகம்னு எனக்கு எப்பவோ தெரியும் லா தங்கச்சி. ஒங்களுக்குத்தான் இப்பத் தெரிஞ்சிருக்கு."

அன்றிலிருந்து நான் மிஸ்ஸி என்பது போய்த் தங்கச்சி ஆனேன். கடைக்கு வருகிறவர்களுக்கு ஐஸ் வேதத்தோடு ரத்தப் புராணமும் சேர்ந்துகொண்டது. அடுத்த வருஷம் அலோர்ஸ்டார் பக்கம் விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு அதே வகை தேவைப்பட்டது. போனில் கூப்பிட்டேன். வெட்டிக்கொண்டிருந்த கறியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அந்த மனிதர் பிழைத்தார். "பாத்தியா, ஒடம்புலேருந்து ஒடம்புக்கு, சூடா" என்று அக்கா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சோதனையும் குளிர்பெட்டியும் இருந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்பவரா?

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இப்படி அபூர்வமான ரத்தம் கிடைத்தால் அதை உறைய வைத்துப் பல வருஷம் பாதுகாக்கலாம், கோலாலம்பூரில் அதற்கு வசதி இருக்கிறது. சாதாரணமாகக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான். உறைய வைக்க ஒரு பை கொடுங்கள் என்று நான் போய்க் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை அந்த இறைச்சி வியாபாரிக்குக்கூடக் கிடைத்திருக்காது.

"ஐஸ்ல போடவா? தங்கச்சி, ஆட்டு ரத்தத்த நான் ஒருவாட்டி வெச்சிப் பாத்திருக்கேன். பொரியலுக்கு வேணும்னு ஒருத்தி கேட்டான்னு வீட்டு ஐஸ் பெட்டியில வெச்சேன். மறுநாளு எடுத்தா செவப்பா சிராப் தண்ணி. சட்டியில போட்டா கட்டியாக் கூடவே மாட்டேங்குது. ரத்தம் வெச்சிருக்கிற சாமான் இல்ல. ஆளு வேணுமா, கூப்பிடு, ஓடியாறேன். ஐஸுக்குன்னா எங்கிட்ட வராத."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ரத்தத்தைச் சும்மா உறைய வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து அப்படித்தான் தண்ணீராகப் போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று நான் சொன்னதுதான் அவர் காதில் ஏறவில்லை. நானும் விட்டுவிட்டேன். கத்தி வைத்திருப்பவரோடு எவ்வளவு நேரம் வாதாடுவது?

கரங்கான் என்கிற ஊரிலிருந்து ஒரு பெண் வரும்வரை இப்படியே போனது. தலைப்பிரசவம், மூன்று மாதம். கிளினிக்கில் எடுத்த ரத்தம் குழப்பமாக இருக்கிறது என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சோதித்தேன். அதே பம்பாய். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. அம்மாவும் இல்லை, மாமியார்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் குழந்தை வரும் வழியை மறித்துக்கொண்டிருந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும், கையில் ரத்தம் இல்லாமல் கத்தியை வைக்க முடியாது என்றார் மலாய்க்கார டாக்டரம்மா.

அக்காவிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும், "எந்த நாளுன்னு சொல்லு, வந்துர்றேன்" என்றார்.

"ஒரு பை பத்தாதுக்கா. ஒங்ககிட்ட ஒரு தடவைக்கு ஒரு பைதான் எடுக்க முடியும். இப்ப ஒண்ணு, ரெண்டு மூணு மாசம் கழிச்சி ஒண்ணு எடுத்தாத்தான் அந்த நாளைக்கி ரெண்டு இருக்கும். அத்தன நாளு வெக்கணும்னா ஒறைய வெச்சே ஆகணும்."

அக்கா கறி வெட்டும் கட்டையைச் சுரண்டிக் கழுவினார். கடைசியில், "என் ரத்தத்துலயே காட்டு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

காட்டினேன். அவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து இரண்டு குழாய்களில் ஊற்றினேன். ஒன்றைச் சும்மா விட்டேன், மற்றதில் கிளிசரின் கலந்தேன். இரண்டையும் கடுங்குளிரில் உறைய வைத்தேன். மறுநாள் கடை முடிந்து அவர் வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் இறக்கி இளக்கினேன். கிளிசரின் போட்டதை உப்புநீரில் படிப்படியாகக் கழுவி, இரண்டையும் சுழற்றியெடுத்து அவர் கையில் கொடுத்தேன். சும்மா விட்டது அடி முதல் நுனி வரை ஒரே சிவப்புத் தண்ணீர். மற்றதில் மேலே தெளிந்த நீர், அடியில் கெட்டியாகச் சிவப்பணுக்கள்.

அக்கா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார், நிமிர்த்தினார். ஆட்டின் பல்லைப் பிடித்து வயசு பார்க்கிற கவனம் அந்த முகத்தில் இருந்தது.

"இது போச்சி. இது இருக்கு" என்றார். பிறகு, "என்னா போட்ட அதுல?"

"கிளிசரின்."

"ஒதட்டுல பூசுறதா?"

"அதேதான். தண்ணி ஒறையும்போது ஊசி ஊசியாக் கட்டி அணுவக் குத்திக் கிழிச்சிடும். இது உள்ள பூந்து அதத் தடுக்கும். ஏத்துறதுக்கு முன்னாடி கழுவி எடுத்துடுவோம்."

அக்கா வெகு நேரம் குழாயை விடவில்லை. பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார். "எடுத்துக்க. ஆனா வெளிய சொல்லாத."

"எதக்கா?"

"நான் ஐஸுக்கு ஒத்துக்கிட்டத."

நான் சொல்லவில்லை. ரத்தம் கொடுக்கிறார் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது. கரங்கான் மாமியார் வாரம் தவறாமல் அக்காவின் கடைக்கு வந்து, மருமகளுக்கு ஈரல் வாங்கிக்கொண்டு போனார். அக்காவும் வாரம் தவறாமல் அவருக்கு ஐஸ் வேதம் ஓதினார், கறியோடு ரத்தத்தையும் சேர்த்து. இரண்டு பைகள் கோலாலம்பூரில் உறைந்து கிடக்க, இங்கே பாசாரில் ஐஸுக்குப் போனது செத்தது. எனக்குச் சிரிப்பாக வரும்.

அறுவை சிகிச்சை தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வைத்தார்கள். கோலாலம்பூரில் அதிகாலையில் இரண்டு பைகளையும் இளக்கிக் கழுவி, வண்டியில் வடக்கே அனுப்பிவிட்டார்கள். கழுவிய ரத்தம் ஒரு நாள்தான் தாங்கும், திரும்ப உறைய வைக்க முடியாது. மத்தியானம் பைகள் என் கைக்கு வந்தன. மறுபடி பொருத்தம் பார்த்து முடித்தபோது வார்டிலிருந்து போன். அந்தப் பெண் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

ஓடினேன். உறைய வைத்த ரத்தம் என்று டாக்டரம்மா விளக்கிச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. கட்டில் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. மருமகளின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"ஐஸ்ல வெச்சது செத்த ரத்தம். எம் மருமவ ஒடம்புல செத்த ரத்தத்த ஏத்த விட மாட்டேன். இத நானாச் சொல்லல, கறிக்கட அக்கா சொன்னது. எத்தன வருசமாச் சொல்லுது. அதுக்குத் தெரியாததா?"

குழாய்களைப் பற்றிச் சொன்னேன், கிளிசரின் பற்றிச் சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. என் படிப்பும் சட்டையும் அக்காவின் ஒரு வாக்கியத்தின் முன்னால் செல்லாமல் போயின. அந்தப் பெண் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து லேசாக ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. காத்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்குப் போன் போட்டேன். தீபாவளி நெருங்கிவிட்டால் கடை சாயங்காலம் வரை ஓடும், முன்னால் எவ்வளவு கூட்டம் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏப்ரனோடு வந்து நின்றார். பின்னாலேயே, கறிக்கு நின்ற கரங்கான் சொந்தக்காரர்களும் இரண்டு காடிகளில் வந்துவிட்டார்கள். வார்டுக்கு வெளியே நடைபாதை நிறைந்துவிட்டது.

மாமியாருக்கு அக்காவைப் பார்த்ததும் உயிர் வந்தது. "இந்தா, இதுவே வந்துருச்சே. இதுகிட்டேருந்து எடுங்க. பச்சையா எடுத்து ஏத்துங்க. அந்த ஐஸு எதுக்கு?"

அக்காவும் கையை நீட்டினார். "எடு தங்கச்சி."

என் வாழ்நாளில் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. "ரெண்டாவது பை குடுத்து இன்னும் மூணு மாசம் ஆகல. இப்ப எடுத்தா நீங்க விழுந்துருவீங்க. எடுத்தாலும் ஒரு பைதான். சோதன முடிய நேரமாகும். அவளுக்குக் கொறஞ்சது ரெண்டு பை வேணும், இப்பவே வேணும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எல்லாம் அவருடைய வாடிக்கைக்காரர்கள். அந்தக் கல்யாண வீட்டுக்காரரும் அதில் நின்றார். அக்கா கையை இறக்கிக்கொண்டார்.

"அக்கா" என்று மாமியாரைக் கூப்பிட்டார். "நான் சொன்னது தப்பு."

மாமியாருக்குப் புரியவில்லை. "எது?"

"ஐஸ்ல வெச்ச ரத்தம் செத்துரும்னு சொன்னனே, அது தப்பு. கறிக்குச் சொன்னது சரி, அத மாத்த மாட்டேன். ரத்தத்துக்குச் சொன்னது தப்பு. இந்தப் புள்ள எனக்குக் கண்ணு முன்னாடி காட்டுச்சி. என் கையில புடிச்சிப் பாத்தேன். பாத்துட்டுதான் ரெண்டு பை குடுத்தேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஒங்களுக்கு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன் பாருங்க, அதுவும் தப்பு." ரத்த வங்கிப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க இருக்கிறது ஐஸ் ரத்தம் இல்லக்கா. அது நான். ஏத்தச் சொல்லுங்க."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். "போடு கண்ணு" என்று அவர் சொன்னது எங்களுக்கு வெளியே கேட்டது.

ரத்தம் கொடுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையை நீட்டுவது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லையும் திருப்பி வாங்காத மனுஷி, ஊர் பார்க்க, தன் பெயரே அதில்தான் நிற்கிற சொல்லைத் திருப்பி வாங்கினாரே, அதைச் செய்ய எனக்குத் தெம்பு இருக்காது. எங்கள் ஊர்க்காரி என்று அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்றும் யாரிடம் இதைச் சொன்னாலும் நிமிர்கிறது.

இரண்டு பையும் தேவைப்பட்டது. பெண் குழந்தை. தாய் பிழைத்தாள். இரண்டாவது பை ஏறி முடிந்தது என்று நான் வந்து சொல்லும்வரை அக்கா நடைபாதை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு, "கட போட்டது போட்டபடி கெடக்கு" என்று மோட்டாரை எடுத்தார். கறி வேதம் அந்தத் தீபாவளிக்கும் நடந்தது. ரத்தத்தைப் பற்றிச் சீண்டியவர்களுக்கு, "ஆமா, தப்பாத்தான் சொன்னேன், இப்ப என்னா?" என்று எலும்பை ஒரு போடு போட்டார்.

மூன்று மாதம் ஆனதும் நான் கூப்பிடாமலே வந்தார். அதற்குப் பிறகும் வந்தார். எடுத்ததெல்லாம் உறைந்து கிடந்தது. சில வருஷம் கழித்து ஒரு நாள் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போன பிறகும் அவர் ரத்தம் ஒவ்வொரு பையாக யார் யாருக்கோ போனது. யாரிடமிருந்து வந்தது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்லாமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. கடைசிப் பை சபாவுக்குப் போனது.

அடுத்த மாதம் கரங்கான் மாமியார் ரத்த வங்கியின் வாசலில் நின்றார். பக்கத்தில் மருமகள். பள்ளிக்கூடச் சீருடையில் பேத்தி.

"அக்காவோட ரத்தம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. போன மாசம் கடைசிப் பையும் போயிருச்சி."

மாமியார் மருமகளின் முதுகில் கை வைத்து மெல்ல முன்னால் தள்ளினார்.

"அப்ப அந்த எடம் காலியாத்தான கெடக்கு. இவகிட்ட எடுத்து வைங்க. ஐஸ்ல."